குடிநீருக்குக் காவல் குளோரின். குளோரினுக்குக் காவல் யார்?

தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது நல்லம்பள்ளி. தண்ணீரின் அருமையை இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டால்தான் தண்ணீர் என்ற நிலை. அப்படிக் கிடைத்த தண்ணீரிலும் பல இடங்களில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு மூட்டுகள் இறுகின, எலும்புகள் வளைந்தன.

இந்தத் துயரத்தைப் போக்குவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக அது உருவாகி, 2013-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. பள்ளத்தில் ஓடும் காவிரி, குழாய்க்குள் புகுந்து மேடேறி, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்கு வந்து சேருகிறது.

குழாயைத் திறந்ததும் சில நாட்களில் ஒரு மருந்து வாசனை அடிக்கும். "இன்றைக்கு மருந்து கொஞ்சம் கூடுதல் போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் குடத்தை நிரப்புவார்கள். அந்த மருந்தின் பெயர்தான் குளோரின்.

ஆற்று நீரைச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்பும் நிலையம் எதுவானாலும் குளோரின் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் குடிதண்ணீருக்குக் காவலாக நிற்கும் இந்தக் குளோரினுக்கும் ஒரு காவல் தேவை. அந்தக் காவல் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? அயராமல் பார்த்துக்கொள்வது எப்படி? இதை நிலையத்துச் சிப்பந்திகள் மட்டுமல்ல, தண்ணீர் குடிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

அமுதமும் ஆலகாலமும்

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகிய நோய்களின் கிருமிகள் இருக்கலாம். மணற்படுகையில் வடிகட்டினாலும் சில கிருமிகள் தப்பிவிடும். அவற்றைக் கொல்லும் வேலையைத்தான் குளோரின் செய்கிறது. 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீரில் இந்த மருந்தைக் கலந்தார்கள். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரம் இதை அன்றாட வழக்கமாகவே ஆக்கியது. அன்று முதல் இன்று வரை இது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

இதே குளோரினுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. முதல் உலக யுத்தத்தில், 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி, பெல்ஜியம் நாட்டின் ஈப்ரு நகருக்கு அருகே ஜெர்மன் சேனை 150 டன்னுக்கு மேற்பட்ட குளோரினைக் காற்றிலே திறந்துவிட்டது. பச்சையும் மஞ்சளும் கலந்த புகைமண்டலம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து பதுங்கு குழிகளில் இறங்கியது. குழிக்குள் இருந்த வீரர்கள் மூச்சுத் திணறி மடிந்தார்கள்.

பொருள் ஒன்றுதான். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கலந்தால் அமுதம். அறைக்குள்ளே கசிந்தால் ஆலகால விஷம்!

குணத்தை அறிந்தால் பாதி அபாயம் தீரும்

குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே அது புகையைப் போல மேலே போவதில்லை. தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடி ஓடும். சாக்கடை, கிணறு, நிலவறை, ஓடை ஆகிய இடங்களில் தேங்கி நிற்கும்.

பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இது இரும்பு உருளைகளில் வருகிறது. 100 கிலோ பிடிக்கும் சிறிய உருளையும், 900 கிலோ பிடிக்கும் பெரிய உருளையும் இந்தியாவில் வழக்கத்தில் உள்ளன. பெரியதை 'டன்னர்' என்பார்கள். உருளைக்குள் வாயுவை அழுத்தித் திரவமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் திரவம் வெளியே வந்தால் சுமார் 460 மடங்கு பெருத்து வாயுவாகிவிடும். ஒரு குடம் திரவம் 460 குடம் விஷவாயு!

ஆனால் குளோரினிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. அது திருடனைப் போலச் சத்தமின்றி வருவதில்லை. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு கூட இல்லாதபோதே அதன் நெடி மூக்கைத் துளைக்கும். பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு என்ற அளவை எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே நெடி வந்ததும் விலகுகிறவன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். "எங்கிருந்து வருகிறது, பார்ப்போம்" என்று வெறுங்கையோடு உள்ளே போகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

பூட்டு ஒன்று, சாவி ஒன்று

குடிநீர் நிலையத்தில் இரசாயன விபத்து என்றால் உலகமெங்கும் எடுத்துச் சொல்லப்படுவது இங்கிலாந்தின் காமெல்போர்டு சம்பவம். அதில் குளோரின் சம்பந்தப்படவில்லை. கலங்கலைத் தெளிய வைக்கும் அலுமினியம் சல்பேட்டுதான், அதாவது படிகார இனத்து மருந்துதான் காரணம்.

1988 ஜூலை 6-ஆம் தேதி. கார்ன்வால் பகுதியில் உள்ள லோயர்மூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 20 டன் அலுமினியம் சல்பேட்டுக் கரைசலை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. வழக்கமான ஓட்டுநர் அன்று வரவில்லை. மாற்று ஓட்டுநர் வந்திருந்தார். நிலையத்தில் ஆள் இல்லை. அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த சாவி அங்கிருந்த பூட்டுகளையெல்லாம் திறந்தது. எந்தத் தொட்டி எதற்கு என்பது புது ஆளுக்கு விளங்கவில்லை. அவர் மருந்துத் தொட்டியில் ஊற்ற வேண்டியதை, சுத்திகரித்து முடிந்து வீடுகளுக்குப் போகத் தயாராக இருந்த நீர்த்தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

சுமார் 20,000 பேருக்கு அந்தத் தண்ணீர் போயிற்று. வாய்ப்புண், வயிற்றுக் கோளாறு, தோல் அரிப்பு, மூட்டு வலி என்று ஜனங்கள் முறையிட்டார்கள். குழாய்களைக் கழுவி ஆற்றில் விட்டபோது ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

தவறு நடந்ததைக் காட்டிலும் பெரிய தவறு அதற்குப் பிறகு நடந்தது. என்ன கலந்துவிட்டது என்பதை நீர்வாரியம் ஜனங்களுக்கு உடனே சொல்லவில்லை. உண்மை பகிரங்கமாவதற்கு 16 நாட்கள் ஆயின. 1991-ல் வழக்கு நடந்து வாரியத்துக்கு 10,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. சம்பவம் நடந்து 25 ஆண்டுகள் கழித்து, 2013-ல், பிரிட்டிஷ் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த 16 நாட்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் கொட்டை எழுத்தில் ஒரு பெயர்ப் பலகை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, லாரி வரும்போது கூட நிற்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருந்திருந்தால் அந்த விபத்து நடந்திருக்காது. இவற்றின் செலவு எவ்வளவு? சொற்பம்!

கேட்பாரற்றுக் கிடந்த உருளைகள்

இனி இந்தியாவுக்கு வருவோம். 2010 ஜூலை 14-ஆம் தேதி அதிகாலை, மும்பைத் துறைமுகத்தின் சிவ்ரி பகுதியில் குளோரின் கசிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். உதவிக்கு ஓடிய தீயணைப்பு வீரர்கள் சிலரும் அவர்களில் அடக்கம்.

இத்தனைக்கும் அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை. எந்த வேலையும் நடக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து, எடுத்துச் செல்ல ஆளில்லாமல் கிடங்கிலே கிடந்த பழைய உருளைகள்தான் துருப்பிடித்து வாயைத் திறந்தன. பின்னர் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து, காஸ்டிக் சோடாக் கரைசலால் வாயுவின் விஷத்தை முறித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய துயரம் நடந்ததுண்டு. 2021 ஜூலையில் ஈரோடு அருகே ஒரு தனியார் ஆலையில் குளோரின் கசிந்து, ஆலையின் உரிமையாளரே உயிரிழந்தார். தொழிலாளர்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். முதலாளி, தொழிலாளி என்ற வித்தியாசம் வாயுவுக்குத் தெரியாது.

இந்த மூன்று சம்பவங்களும் ஒரு பாடத்தைச் சொல்கின்றன. இரசாயனம் தானாக எழுந்து வந்து யாரையும் தாக்குவதில்லை. பெயர் எழுதாத தொட்டி, கணக்கில் இல்லாத உருளை, சொல்லாமல் மறைத்த செய்தி, இவைதாம் தாக்குகின்றன.

நல்லம்பள்ளிக்கு எந்த வழியாக வரும்?

"எங்கோ நடந்ததற்கு இங்கே என்ன கவலை?" என்று கேட்கலாம். இந்த அபாயத்துக்கு மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், சுத்திகரிப்பு நிலையம். உருளைகளும் மருந்துத் தொட்டிகளும் இருக்கும் இடம் அது.

இரண்டாவது வாசல், சாலை. நல்லம்பள்ளி வட்டாரத்தின் தென்கோடியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் லாரிகள் கட்டுக்கடங்காமல் ஓடி மோதிக்கொள்ளும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. இரசாயனத் தொழிலுக்குப் பெயர்போன மேட்டூரிலிருந்து வரும் சாலையும் தொப்பூரில்தான் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. வடக்கும் தெற்கும் போகும் சரக்கெல்லாம் இந்த வழியே போகிறது.

மூன்றாவது வாசல், ஊரிலேயே இருக்கும் மேல்நிலைத் தொட்டி. அங்கே வாயு உருளை இல்லை. ஆனால் பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கிறது. அதுவும் குளோரினைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பொருள்தான்.

நிலையத்துக்குள் செய்ய வேண்டியவை

முதலாவது, இருப்பைக் குறைப்பது. தேவைக்கு மேல் ஓர் உருளை கூட வளாகத்தில் இருக்கக் கூடாது. காலியானதை உடனே திருப்பி அனுப்ப வேண்டும். 'காலி' என்று சொல்லப்படும் உருளையிலும் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். ஆகவே அதன் வால்வுக்கும் மூடி போட்டே வைக்க வேண்டும்.

இரண்டாவது, இடம். குளோரின் அறை தனியாக, வெயில் படாமல், வெளிப்புறம் திறக்கும் கதவோடு இருக்க வேண்டும். வாயு கீழே தங்குவதால், அதை வெளியேற்றும் விசிறி தரையை ஒட்டி இருக்க வேண்டும். விசிறியின் ஸ்விட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். உருளையில் சுமார் 70 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும் ஓர் அடைப்பான் வைத்திருக்கிறார்கள். உருளை சூடேறி வெடிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் அது உருகினால் வாயு வெளியே வந்துவிடும். ஆகவே குளோரின் அறைக்குப் பக்கத்தில் அடுப்போ, வெல்டிங் வேலையோ கூடவே கூடாது.

மூன்றாவது, கருவி. முதுகில் காற்று உருளையைச் சுமந்து செல்லும் சுவாசக் கருவி, கசிவை அடைக்கும் கருவிப் பெட்டி, வாயுவை உணர்ந்து மணி அடிக்கும் கருவி, காற்றின் திசை காட்டும் துணிப்பை ஆகியவை வேண்டும். சுவாசக் கருவியை அறைக்கு உள்ளே மாட்டி வைப்பதில் பயன் இல்லை. கசிவு உள்ளே இருக்கும்போது அதை எடுக்க யார் போவது? வெளியே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காவதுதான் மிக முக்கியம், அது ஒத்திகை. பெட்டிக்குள் புத்தம் புதிதாக இருக்கும் முகமூடியை ஒருமுறை கூட அணிந்து பார்க்காத சிப்பந்திக்கு, அபாய வேளையில் அதன் பட்டையைக் கட்டக் கூடத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவு முறைச் சிப்பந்திகளையும் சேர்த்து ஒத்திகை நடத்துவது நல்லது. விபத்து பகல் நேரம் பார்த்து வருவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. வாயு உருளையையே கைவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டு என்ற திரவ மருந்துக்கு மாறுவது. அல்லது உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி மருந்தை அங்கேயே தயாரித்துக்கொள்வது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சில வாரங்களிலேயே தன்னிடமிருந்த குளோரின் வாகனங்களை அகற்றித் திரவ மருந்துக்கு மாறியது. ஆனால் திரவ மருந்தும் பரம சாதுவல்ல. அதனோடு அமிலம் கலந்தால் அந்தக் கணமே குளோரின் புகையாக எழும். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் ஆட்சிசன் நகரில் ஓர் ஆலையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு குழாய் வாய்களைக் குழப்பிக்கொண்டு கந்தக அமிலத்தை இந்த மருந்துத் தொட்டியில் செலுத்திவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் வைத்தியம் தேடினார்கள். காமெல்போர்டில் நடந்த அதே குழப்பம், 28 ஆண்டுகள் கழித்து!

கசிந்துவிட்டால்?

பயிற்சி பெறாதவர் யாரும் அருகே போகக் கூடாது. பயிற்சி பெற்றவரும் தனியாகப் போகக் கூடாது. சுவாசக் கருவி அணிந்து இருவராகப் போக வேண்டும். வெளியே மூன்றாமவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கசிவு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, அம்மோனியாக் கரைசலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி அருகே காட்டுவார்கள். கசியும் இடத்தில் வெண்புகை எழும். திரவமாக ஒழுகினால், ஓட்டை மேல் பக்கம் வருமாறு உருளையைப் புரட்ட வேண்டும். அப்போது திரவம் நின்று வாயு மட்டும் வரும். கசிவின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கசியும் ஓட்டையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அது கூடவே கூடாது. குளோரினும் தண்ணீரும் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். காஸ்டிக் சோடாக் கரைசலோ, சுண்ணாம்புக் கரைசலோ உள்ள தொட்டியில் வாயுவைச் செலுத்துவதுதான் முறையான மாற்று. கணக்குப்படி ஒரு கிலோ குளோரினை அடக்க ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான காஸ்டிக் சோடா வேண்டும். ஆகவே 900 கிலோ உருளை வைத்திருக்கும் நிலையம், அதற்கு ஈடான மாற்று மருந்தையும் இருப்பில் வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிரிவு இருக்கிறது. விஷவாயுவைச் சமாளிக்கும் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அங்கிருந்து தர்மபுரி வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். முதல் அரை மணி நேரம் உள்ளூர்க்காரர்களின் கையில்தான்.

ஊர் ஜனங்கள் செய்ய வேண்டியது என்ன?

நெடி வந்ததும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். மரக்கிளை, கொடியில் காயும் துணி, அடுப்புப் புகை, எதைப் பார்த்தாலும் தெரியும். காற்று போகும் திசையிலே ஓடக் கூடாது. வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலகி, பிறகு மேட்டை நோக்கிப் போக வேண்டும். பள்ளத்திலும் கிணற்று மேட்டின் ஓரத்திலும் ஓடையிலும் ஒதுங்கக் கூடாது. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கட்டியிருக்கும் மாட்டை அவிழ்க்கலாம் என்று திரும்பி ஓடுவது ஆபத்து. மாடு செல்வந்தான், ஆனால் உயிர் அதைவிடப் பெரிது.

வெளியேற வழியில்லாமல் வாயு சூழ்ந்துவிட்டால், வீட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மாடி இருந்தால் மாடிக்குப் போவது நல்லது.

பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். வாயு பட்ட உடையைக் களைந்து, உடம்பைத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் எரிச்சல் இருந்தால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். அவரை நடக்க விடக் கூடாது. உட்கார்ந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "இப்போது சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. டாக்டரின் கண்காணிப்பு அவசியம்.

தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கத்தக்கவை.

கணவாயில் லாரி கவிழ்ந்தால், வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டம் முதலில் தூரத்தில் நின்றபடி அதன் பலகையைப் படிக்க வேண்டும். அபாயச் சரக்கு ஏற்றும் வண்டியில் நான்கு இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். அது உலகப் பொதுவான எண். 1017 என்றால் குளோரின். 1005 என்றால் அம்மோனியா. 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு. தொலைபேசியில் அந்த எண்ணை மட்டும் சொன்னாலே போதும். வருகிறவர்கள் எதைக் கொண்டுவர வேண்டுமோ அதைக் கொண்டு வருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. அன்று ஆலையில் பாதுகாப்புக் கருவிகள் இருந்தன. ஆனால் முக்கியமானவை வேலை செய்யும் நிலையில் இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மறு ஆண்டே, 1985 டிசம்பர் 4-ல், டில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற அமில வாயு கசிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. டில்லி மாநகரின் குடிநீருக்கு வேண்டிய குளோரின் அந்த ஆலையிலிருந்துதான் வந்தது. மூடினால் தண்ணீருக்கு மருந்தில்லை. திறந்தால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து! 1986 பிப்ரவரியில் கோர்ட்டு கடும் நிபந்தனைகளோடு ஆலையைத் திறக்க அனுமதித்தது. குளோரின் உடம்பை என்ன செய்யும், பட்டால் என்ன சிகிச்சை என்று விளக்கப் படங்கள் வைக்க வேண்டும், தொழிலாளருக்குப் பயிற்சி தர வேண்டும், எச்சரிக்க ஒலிபெருக்கி வைக்க வேண்டும் என்பவை அந்த நிபந்தனைகளில் சில. ஆபத்தான தொழில் செய்கிறவர், விபத்துக்குச் சாக்குச் சொல்லாமல் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்ப்பும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது.

1989-ல் அபாய இரசாயனங்களுக்கான விதிகள் பிறந்தன. 10 டன் அல்லது அதற்கு மேல் குளோரின் வைத்திருக்கும் இடத்தில் விபத்துக் காலத் திட்டம் இருக்க வேண்டும். சுற்றுப்புறத்து ஜனங்களுக்கு அபாயத்தின் தன்மையையும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 900 கிலோ உருளை 12 இருந்தாலே அந்த வரம்பு எட்டிவிடும்.

அப்படியானால் இரண்டே உருளை வைத்திருக்கும் நிலையம் என்ன செய்வது? விதியின் வரம்புக்குள் வராவிட்டாலும், கசிந்தால் மூச்சு முட்டும் அல்லவா? வரம்புக்குக் கீழே இருக்கும் நிலையமும் அதே முறையைக் கடைப்பிடிப்பதுதான் நியாயம். தங்கள் ஊரை அடுத்து எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, சங்கு ஊதினால் எங்கே போவது என்று கிராம சபையில் எழுந்து கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் பதில் சொல்வது அதிகாரிகளின் கடமை.

தொட்டி ஆபரேட்டரை மறக்கலாமா?

பெரிய நிலையத்தைப் பற்றிப் பேசும்போது மறந்துபோகும் மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் ஊராட்சியின் தொட்டி ஆபரேட்டர். விடியற்காலையில் மோட்டார் போடுவதும், மேல்நிலைத் தொட்டியில் ஏறி மருந்து கலப்பதும் அவர் வேலை. இரசாயனத்தை அன்றாடம் கையில் தொடுகிறவர் அவரே.

புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம் தூள் போட்டால் ஒரு கிராம் குளோரின் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 90 கிராம் கணக்கு. தூள் பழசானால் வீரியம் குறையும். அப்போது அளவு கூட வேண்டும். கண்ணளவாகக் கை நிறைய அள்ளிப் போடுவது முறையல்ல. கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சி நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

தூளை நேராகத் தொட்டியில் கொட்டாமல், பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி, மூக்குக்கு மறைப்பு ஆகியவை வேண்டும். மூட்டையை ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைக்க வேண்டும். அதே அறையில் ஆசிட், மண்ணெண்ணெய், உரம் வைப்பது பெரும் அபாயம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் அறைக்குள் குளோரின் நிரம்பிவிடும். வீட்டில் கழிப்பறையைக் கழுவும் பெண்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றொன்றை ஊற்றவே கூடாது.

ஒரு ஜோடிக் கையுறைக்கும் ஒரு முகமூடிக்கும் ஆகும் செலவு ஊராட்சிக்குப் பெரிதல்ல. ஆனால் அது வாங்கப்பட்டதா, கிழிந்தால் மாற்றப்பட்டதா என்று கேட்பதற்கு ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

தலைமுறை தலைமுறையாகக் கறை படிந்த பற்களோடு வாழ்ந்த வட்டாரத்துக்கு நல்ல தண்ணீர் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு மருந்து வேண்டும். மருந்துக்குக் காவல் வேண்டும். பெயர்ப் பலகை, தனிச் சாவி, உருளைக் கணக்கு, மாட்டி வைத்த சுவாசக் கருவி, மூன்று மாதத்துக்கு ஓர் ஒத்திகை, நடந்ததை ஒளிக்காமல் உடனே சொல்லும் துணிவு, இவைதாம் அந்தக் காவல். இவற்றில் எதுவும் கோடி ரூபாய்க் காரியமல்ல. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல் இருந்தால் போதும்.